கணிப்பொறி விமானத்துக்கு உலோக மெருகு

பாத்திரக் கடையில் இரண்டு குடங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பித்தளை. மற்றொன்று அதே மஞ்சள் நிறத்தில் வார்த்த பிளாஸ்டிக். இரண்டும் புதியவை, இரண்டும் பளபளக்கின்றன. தொட்டுப் பார்க்காமல், தட்டிப் பார்க்காமல், பத்தடி தூரத்தில் நின்றபடியே எது பித்தளை, எது பிளாஸ்டிக் என்று ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். எதைக் கொண்டு சொன்னாய் என்று கேட்டால் குழந்தை விழிக்கும். நாமும்கூடச் சற்றுத் தயங்கவே செய்வோம். பித்தளை மினுக்குகிறது என்போம், பிளாஸ்டிக்கும்தான் மினுக்குகிறது. நிறமோ இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

விமானம் ஓட்டப் பழகும் கருவிகளுக்குப் படம் அமைப்பவர்கள் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி இது. அவர்கள் திரையில் காட்டும் விமானம் அலுமினியத் தகட்டால் ஆனதாகத் தெரியவேண்டும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரிந்துவிட்டால் உழைப்பெல்லாம் வீண். இதற்கு அவர்கள் கண்ட விடை, கல்லூரியில் நாம் படிக்கும் ஒளியியல் பாடத்திலேயே இருக்கிறது. நம் வீட்டுக் குத்துவிளக்கையும் வயல் நீரையும் துணைக்கு வைத்துக்கொண்டு அதைப் புரிந்துகொள்ள முயல்வோம்.

தரையில் இருந்தபடி பறத்தல்

விமானம் ஓட்டக் கற்பவர் முதல் நாளே வானில் ஏறித் தவறு செய்தால் திருத்திக்கொள்ள மறுநாள் இருக்காது. ஆகவே தரையிலேயே அமர்ந்து பழகுவதற்கென்று சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவி தோன்றியது. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-இல் செய்த கருவி இவற்றுள் புகழ்பெற்றது. அதில் விமானியின் இருக்கையும் கைப்பிடியும் மானிகளும் இருந்தன. கருவி சாயும், திரும்பும். ஆனால் சன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. மானிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான பயிற்சியே அதில் நடந்தது.

வெளிக்காட்சியைக் கணிப்பொறி வரைந்து காட்டும் காலம் பின்னர் வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டேவிட் எவன்ஸ், ஐவன் சதர்லாண்ட் இருவரும் 1968-இல் தொடங்கிய நிறுவனம் இத்துறையில் முன்னோடி. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1974-இல் எட்வின் கேட்மல் என்ற மாணவர் தம் ஆய்வேட்டில் ஒரு புதிய உத்தியைக் காட்டினார். கணிப்பொறிக்குள் இருக்கும் பொருளின் வடிவம், சிறுசிறு தட்டையான துண்டுகளை ஒட்டிச் செய்த கூடு. அந்தக் கூட்டின் மீது ஒரு படத்தைப் போர்வைபோலப் போர்த்திவிடலாம் என்பது அவர் உத்தி. பொம்மைக் குதிரைக்குக் காகிதம் ஒட்டுவது போன்ற வேலைதான். ஆங்கிலத்தில் டெக்ஸ்சர் எனப்படும் இதை நாம் போர்வைப் படம் என்றே சொல்வோம்.

போர்வைப் படம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கவேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய டகோட்டா விமானத்தின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். இன்று வழக்கிலுள்ள பெரிய போர்வைப் படத்தில் ஒரு பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் இருக்கும். இருபது மீட்டரை 4,096-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வருகிறது. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது ஓர் ஆணிக்கு ஒரே ஒரு புள்ளி. அதில் ஆணியின் வட்டம்கூடத் தெரியாது. இதனால்தான் ஒரு விமானத்துக்கு ஒன்றல்ல, பல போர்வைப் படங்கள் தேவைப்படுகின்றன.

ஒளியைத் தீட்டுவதில் உள்ள பிழை

போர்வை கிடைத்துவிட்டது. இனி அதில் எதைத் தீட்டுவது? ஓவியர் ஒருவரிடம் வெள்ளிக் கூஜா வரையச் சொன்னால் சாம்பல் நிறத்தைப் பூசி, ஓரத்தில் கருமை சேர்த்து, நடுவே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். கூஜா மின்னும். முற்காலத்தில் விமானப் போர்வைகளையும் இவ்வாறே தீட்டினார்கள். இறக்கையின் விளிம்பில் வெள்ளைக் கோடு, உடலின் மேற்புறம் வெளிர் நீலம், அடிப்புறம் கருமை. நிறுத்தி வைத்த படத்தில் இது அழகாகவே இருக்கும்.

விமானம் திரும்பும்போதுதான் பொய் வெளிப்படுகிறது. சூரியன் இடப்புறம் இருந்து வலப்புறம் வந்துவிட்டது. வெள்ளைக் கோடு மட்டும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. விமானம் தலைகீழாகப் புரள்கிறது. வயிற்றில் தீட்டிய இருட்டு இப்போது வெயிலில் கிடக்கிறது. கண் உடனே இதைக் கண்டுகொள்ளும். உண்மையில், உடன் பறக்கும் விமானம் சிறிது சாய்ந்தாலும் அதன் இறக்கையில் ஒளி ஓடுவதைப் பார்த்தே பலநேரம் நாம் அதை அறிகிறோம். வெகுதூரத்து விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும் முன்னர் ஒரு மின்னலாகத் தெரிவதும் உண்டு. பழகுபவருக்கு ஓடவேண்டிய ஒளியை உறைந்த கோடாகக் காட்டினால், தவறான பாடத்தைக் கற்பிக்கிறோம் என்று பொருள்.

ஆகவே போர்வையில் ஒளியைத் தீட்டக்கூடாது. அந்த இடத்தில் இருக்கும் பொருள் எத்தகையது என்பதை மட்டும் எழுதிவைக்கவேண்டும். சூரியன் எங்கே, பார்ப்பவர் எங்கே என்பதை அந்தந்தக் கணத்தில் அறிந்து, ஒளியைக் கணிப்பொறி கணக்கிடட்டும். இன்றைய முறை முழுவதற்கும் அடிப்படை இதுவே. இனி, பொருள் எத்தகையது என்று எழுத நமக்கு என்னென்ன தெரியவேண்டும் என்று பார்ப்போம்.

உலோகத்தில் ஒளி படும்போது

பிளாஸ்டிக் குடத்தின் மீது வெள்ளொளி விழுகிறது. அதில் 100-க்கு ஏறத்தாழ 4 பங்கு மேற்பரப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. இதற்கு நிறம் கிடையாது. வெள்ளையாக வந்தது வெள்ளையாகவே திரும்புகிறது. எஞ்சிய 96 பங்கும் உள்ளே நுழைந்து, சாயத் துகள்களிடையே முட்டி மோதி, நீலத்தை அங்கே பறிகொடுத்துவிட்டு, மஞ்சளாக எல்லாத் திசைகளிலும் வெளியே வருகிறது. எனவே பிளாஸ்டிக்கிலிருந்து நம் கண்ணுக்கு வருபவை இரண்டு ஒளிகள்: மேற்பரப்பின் வெள்ளை மினுக்கம் ஒன்று, உள்ளிருந்து வரும் மஞ்சள் நிறம் மற்றொன்று.

பித்தளையில் நடப்பது வேறு. உலோகத்துக்குள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாத எலெக்ட்ரான்கள் கூட்டமாகத் திரிகின்றன. ஒளியலை வந்து விழுந்ததும் இவை அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கி, அலையை வந்த பக்கமே திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே ஒளி செல்லும் ஆழம் சில பத்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் அடக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஆழத்துக்குள் நுழைந்த சிறு பங்கும் வெப்பமாகிவிடுகிறது. சிதறி வெளியே வருவதில்லை. எனவே உலோகத்திலிருந்து நமக்கு வருவது ஒரே ஒளி. அது மேற்பரப்பின் எதிரொளிப்பு மட்டுமே.

அப்படியானால் பித்தளைக்கும் தங்கத்துக்கும் நிறம் எங்கிருந்து வருகிறது? அந்த எதிரொளிப்பிலேயே இருக்கிறது. தங்கம் தன்மீது நேராக விழும் சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதும், பச்சையை 77 விழுக்காடும், நீலத்தை 34 விழுக்காடும் திருப்பி அனுப்புகிறது. செம்புக்கு இந்த எண்கள் முறையே 95, 64, 54. வெள்ளியும் அலுமினியமும் மூன்றையும் 90 விழுக்காட்டுக்கு மேல் சமமாகத் திருப்புவதால் அவற்றுக்குத் தனி நிறம் இல்லை. தங்கம், செம்பு ஆகியவற்றின் அணுக்களோடு கட்டுண்ட எலெக்ட்ரான்கள் நீல ஒளியை விழுங்கிக்கொள்வதே இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம்.

குழந்தை கண்டுபிடித்த வேறுபாடு இப்போது நமக்கும் புலப்படுகிறது. பிளாஸ்டிக் குடத்தில் மஞ்சள் மீது வெள்ளைப் பொட்டு விழுகிறது. பித்தளைக் குடத்தில் பொட்டே மஞ்சளாக இருக்கிறது. மற்ற இடங்களிலோ கடையின் கதவும் எதிர்ச்சுவரும் மஞ்சள் தோய்ந்து நிழலாடுகின்றன. அக்குடத்துக்குத் தனக்கென்று ஒரு நிறத் தோற்றம் இல்லை. சுற்றுப்புறத்தையே தன் வண்ணத்தில் நனைத்துக் காட்டுகிறது.

ஒரு செம்புக் குவளையின் கதை

கணிப்பொறிப் படத்துறை இந்த எளிய உண்மையை அடையச் சில ஆண்டுகள் ஆயின. வியட்நாமில் பிறந்து யூட்டாவில் ஆய்வு செய்த பூய் துவோங் ஃபோங் 1973-இல் தம் ஆய்வேட்டில், வளைந்த பரப்பின் மீது ஒளிப்பொட்டை வரைய ஒரு சூத்திரம் தந்தார். எளிய சூத்திரம், மெதுவாக இயங்கிய அக்காலக் கணிப்பொறிக்கும் எட்டியது. ஆனால் பொட்டின் நிறத்தை விளக்கின் நிறமாகவே அனைவரும் வைத்துக்கொண்டனர். விளைவு, எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் பொம்மையாகவே வந்தது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் இருவரும் 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டாரன்ஸ் வெப்பப் பரிமாற்றத் துறைப் பொறியாளர். சொரசொரப்பான பரப்பு எப்படி எதிரொளிக்கும் என்று 1967-இலேயே ஸ்பேரோ என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர். உலோகத்தின் எதிரொளிப்பு எண்களை அலைநீளம் வாரியாக எடுத்துக்கொண்டு, அவர்கள் ஒரு குவளையைக் கணக்கிட்டு வரைந்தார்கள். ஒரே வடிவக் குவளை. ஒன்று செம்பு நிறப் பிளாஸ்டிக்காகவும், மற்றொன்று செம்பாகவும் தெரிந்தது. பாத்திரக் கடையில் நாம் கேட்ட கேள்விக்குக் கணிப்பொறி சொன்ன முதல் தெளிவான விடைகளுள் இது ஒன்று எனலாம்.

நடவு வயலில் ஒரு பாடம்

எதிரொளிப்பு எவ்வளவு என்பது பொருளை மட்டும் பொறுத்ததன்று, பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது. இதற்குக் காவிரிப் படுகையில் வாழும் நமக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சேறடித்து நீர் கட்டிய வயலின் வரப்பில் நின்று காலடியில் குனிந்து பாருங்கள். நீருக்கடியில் சேறு தெரியும். தலை நிமிர்ந்து வயலின் மறுகோடியைப் பாருங்கள். அங்கே சேறு இல்லை. வானமும் தென்னையும்தான் தலைகீழாக நிற்கின்றன. நீர் ஒன்றுதான், பார்வையின் சாய்வு மாறியதே காரணம்.

பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் 1820-களில் இதற்குச் சமன்பாடுகள் தந்தார். நேராகப் பார்த்தால் நீர் எதிரொளிப்பது 2 விழுக்காடு. செங்குத்துக்கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால் 6 விழுக்காடு. 80 பாகையில் 35 விழுக்காடு. முற்றிலும் கிடையாகப் பார்க்கும் எல்லையில் 100 விழுக்காடு. பட்டப்படிப்பில் இச்சமன்பாடுகளைத் தருவித்தவர்கள் அவற்றின் நீளத்தை மறந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்டோஃப் ஷ்லிக் என்பவர் 1994-இல் இதற்கொரு குறுக்குவழி காட்டினார். நேர்ப்பார்வை எதிரொளிப்பை எடுத்துக்கொள்; 1-க்கு அது எவ்வளவு குறைவோ, அதை, 1-லிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து ஐந்தாம் படிக்கு உயர்த்திய எண்ணால் பெருக்கு; முன்னதோடு கூட்டு. நீருக்கு 80 பாகையில் இது 40 விழுக்காடு என்கிறது. உண்மை 35. கண் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. கணிப்பொறிக்கோ வேலை வெகுவாகக் குறைகிறது.

இவ்விதி வர்ணம் பூசிய விமானத்துக்கும் பொருந்தும். பக்கவாட்டில் நேராகப் பார்க்கும்போது மங்கலாக இருக்கும் வர்ணம், உடலின் வளைந்த விளிம்பில் வானத்தைப் பளிச்சென்று காட்டும். உலோகமோ நேர்ப்பார்வையிலேயே பெரும்பகுதியை எதிரொளித்துவிடுவதால் விளிம்பில் கூடுவது சிறிதளவே. ஆனால் தங்கமும் செம்பும்கூட மிகச் சாய்ந்த பார்வையில் நிறமிழந்து வெள்ளையை நோக்கிச் செல்லும்.

மெருகு என்பது என்ன?

குடந்தைக்கு அருகிலுள்ள நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளுக்குப் பேர்போனது. அங்கே விளக்கின் அடி, தண்டு, தட்டு, முடி ஆகியவற்றைத் தனித்தனியே மண் அச்சில் வார்க்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த வார்ப்பு மங்கலாக, மண்ணின் சொரசொரப்போடு இருக்கும். பின்னர் அதைக் கடைசல் பிடித்து, அரத்தால் தேய்த்து, மெருகேற்றுகிறார்கள். வார்ப்பும் பித்தளைதான், மெருகேறிய விளக்கும் பித்தளைதான். எதிரொளிக்கும் இயல்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஒன்று மங்கல், மற்றொன்று கண்ணாடி. ஏன்?

சொரசொரப்பான பரப்பைப் பல்லாயிரம் நுண்கண்ணாடிகள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு பக்கம் அனுப்புகிறது, பிம்பம் கலைந்துவிடுகிறது. மெருகேற்றுவது என்பது இந்தச் சாய்வுகளைச் சமன் செய்வதே. டாரன்ஸும் ஸ்பேரோவும் எடுத்துக்கொண்ட அடிப்படையும் இதுவே. இதில் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. மெருகு குறைந்தால் ஒளிப்பொட்டு அகலமாகும். அதே சமயம் மங்கவும் வேண்டும். வந்த ஒளியைவிட அதிகமாகத் திருப்பித்தர எந்தப் பரப்பாலும் இயலாது அல்லவா? பழைய சூத்திரங்கள் இந்த ஆற்றல் அழியாமை விதியைக் காற்றில் விட்டதால்தான் அவற்றின் உலோகங்கள் தாமே ஒளிர்வதுபோல் தோன்றின.

கடைசல் பிடித்த பரப்பில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. எவர்சில்வர் டப்பாவின் மூடியை வெளிச்சத்தில் பாருங்கள். மையத்திலிருந்து இருபுறமும் விசிறி விரித்தாற்போல ஒளி தெரியும். மூடியைச் சுழற்றினாலும் விசிறி அப்படியே நிற்கும். தேய்த்த கீறல்கள் வட்டவட்டமாக ஓடுவதால் ஒளி கீறலுக்குக் குறுக்கே மட்டும் பரவுகிறது. விமானத் தகடுகளும் ஆலையில் உருளைகளுக்கிடையே இழுக்கப்பட்டவை. அவற்றிலும் இழுத்த திசையில் நுண்கோடுகள் உண்டு. ஆகவேதான் வர்ணமற்ற விமானத்தில் அடுத்தடுத்த தகடுகள் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. இதை மறந்து உடல் முழுவதற்கும் ஒரே மெருகைக் கொடுத்தால் விமானம் வெள்ளிக் காகிதம் சுற்றிய மிட்டாய்போல ஆகிவிடும்.

ஐந்து தாள்கள்

இப்போது போர்வையில் எழுதவேண்டியவை தெளிவாகிவிட்டன. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பிரென்ட் பர்லி 2012-இல் இவற்றை ஓவியர்களும் எளிதில் கையாளும் சில அளவுகளாகத் தொகுத்தார். அதன் வழிவந்த முறையையே 2020-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் பின்பற்றுகிறது. ஒரே போர்வைக்கு ஐந்து தாள்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் தாள் அடிப்படை நிறம். உலோகமாயின் அதன் எதிரொளிப்பு எண்களும், மற்றவையாயின் அவற்றின் உள்நிறமும் இங்கே இருக்கும். இரண்டாவது, அந்தப் புள்ளி உலோகமா இல்லையா என்பது: உலோகம் என்றால் 1, இல்லையென்றால் 0. மூன்றாவது சொரசொரப்பு: கண்ணாடிக்கு 0, சுண்ணாம்புச் சுவருக்கு 1. நான்காவது, பரப்பின் செங்குத்துக்கோடு எப்பக்கம் சாய்கிறது என்பது. ஜேம்ஸ் பிளின் 1978-இல் காட்டிய வழி இது. ரிவெட் தலையைப் புடைப்பாகச் செய்யாமலேயே, அங்கே செங்குத்துக்கோட்டைச் சாய்த்து எழுதினால் ஒளி ஏமாந்து புடைப்பைக் காட்டிவிடும். ஐந்தாவது, இடுக்குகளில் வானொளி எவ்வளவு தடைப்படுகிறது என்பது.

இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய தாள்களுக்கு நிறம் தேவையில்லை; வெறும் எண்களே. ஆகவே மூன்றையும் ஒரே படத்தின் நீலம், பச்சை, சிவப்பு அறைகளில் முறையே அடைத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தைத் தனியே திறந்து பார்த்தால் விசித்திரமான வண்ணக் கலவையாக இருக்கும்.

இவற்றோடு சுற்றுப்புறமும் வேண்டும். உலோகம் சுற்றுப்புறத்தைக் காட்டும் பொருள் என்றோம். சுற்றிலும் ஒன்றுமில்லாத இருட்டில் மெருகேறிய உலோகம் கறுப்பாகத்தான் தெரியும். பிளின்னும் மார்ட்டின் நியூவெல்லும் 1976-இலேயே சுற்றுப்புறத்தைப் படமாகச் சேமித்து எதிரொளிக்கச் செய்யும் வழியைக் காட்டினர். அதன்படி, சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும் மாதத்தில் மயிலாடுதுறைக்கு மேலே ஒரு வெள்ளிநிற விமானத்தைப் பாவனைக் கருவியில் ஓட்டினால், அதன் முதுகில் நீலமும் வயிற்றில் பசுமையும் ஓடவேண்டும். கோடையில் அதே வயிறு பழுப்பாகவேண்டும். போர்வையில் யாரும் பச்சையைத் தீட்டவில்லை. அலுமினியம் என்று மட்டுமே எழுதினார்கள்.

தஞ்சாவூர் விமானமும் சூலூர் விமானமும்

ஒரு சிறு சோதனை வைக்கிறேன். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222-ஆம் படைப்பிரிவு இருக்கிறது. அலுமினியமும் டைட்டானியமும் மிகுந்த விமானம் அது. அதன் போர்வைப் படத்தில் இரண்டாம் தாளில் என்ன எழுதுவீர்கள்?

1 என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 0. காரணம், அதன் மேல் சாம்பல் நிற வர்ணம் பூசப்பட்டிருக்கிறது. ஒளிக்கு விமானத்தின் உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலையில்லை; முதலில் எதன்மீது படுகிறதோ அதுவே கணக்கு. வர்ணம் உலோகமன்று. அது உரிந்து அலுமினியம் எட்டிப் பார்க்கும் கீறலில் மட்டும் 1. கோவையை அடுத்த சூலூரில் உள்ள தேஜஸ் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கரியிழைக் கலப்புப் பொருள். அதன் தோலில் பெரும்பகுதி உலோகமே அன்று. அதற்கும் விடை 0-தான். ஆனால் நம் விமானப்படையில் 1963-இல் சேர்ந்து 2025-இல் ஓய்வு பெற்ற மிக்-21 விமானங்களுள் தொடக்க காலத்தில் வந்தவை பல, வர்ணமின்றி வெள்ளிநிற உலோகமாகவே பறந்தன. அவற்றுக்கு 1.

வெற்று உலோகம் அழகுதான். ஆனால் வெயிலில் விமானியின் கண்ணைக் கூசவைக்கும். அப்படிப் பறந்த பழைய போர் விமானங்கள் பலவற்றில் விமானியின் முன்கண்ணாடிக்கு எதிரே உள்ள மூக்குப் பகுதிக்கு மட்டும் மினுக்கற்ற கரும் வர்ணம் பூசியதன் காரணம் இதுவே.

தொடங்குபவர் இடறும் இடங்கள்

அலுமினியத்துக்கு அடிப்படை நிறம் என்ன என்று கேட்டால் பலரும் நடுத்தரச் சாம்பலை எடுப்பார்கள். படத்தில் 0 முதல் 255 வரை நிற அளவு உண்டு. அதில் 128-ஐ வைப்பார்கள். விமானம் ஈயம்போல் இருண்டுவிடும். காரணம், படத்தின் எண்ணும் ஒளியின் அளவும் நேர் விகிதத்தில் இல்லை. 128 என்பது பாதி ஒளியன்று. ஏறத்தாழ 22 விழுக்காடு ஒளியே. அலுமினியம் எதிரொளிப்பதோ 91 விழுக்காடு. அதற்குரிய எண் 245. தாளில் பார்த்தால் ஏறக்குறைய வெள்ளைக் காகிதம்போல இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சாம்பல் நிறம் அலுமினியத்துடையதன்று. அது எதிரொளிக்கும் உலகத்துடையது.

அடுத்தது அழுக்கு. பித்தளை விளக்கில் படியும் பச்சைக் களிம்பு உலோகமன்று, உலோகத்தின் உப்பு. புளியிட்டுத் தேய்க்கும்போது அதிலுள்ள அமிலம் இதனைக் கரைத்துவிட, மறுபடி உலோகம் வெளிப்படுகிறது. விமானத்திலும் அவ்வாறே. எண்ணெய்க் கசிவு, புழுதி, புகைக்கரி இவையெல்லாம் இரண்டாம் தாளில் 0. கடலோரக் காற்றின் உப்பு அலுமினியத்தை அரித்து உண்டாக்கும் வெண்பொடியும் 0. கைரேகை மட்டுமே பட்ட இடமாயின் உலோகத் தாளைத் தொடவேண்டாம்; சொரசொரப்பைச் சிறிது கூட்டினால் போதும்.

மூன்றாவது, வெப்பம் பட்ட உலோகம். எவர்சில்வர் பாத்திரம் அடுப்பில் காய்ந்துவிட்டால் அடியில் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று வளையங்கள் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இது சாயமன்று. வெப்பத்தால் வளர்ந்த மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்புறமும் அடிப்புறமும் எதிரொளிக்கும் அலைகள் தம்முள் குறுக்கிடுவதால் வரும் நிறம். ஜெட் எஞ்சினின் புகைவாயைச் சுற்றியும் இதே வளையங்கள் உண்டு. அங்கே உலோகத் தாளில் 1 என்றே இருக்கும். அடிப்படை நிறம் மட்டும் மாறும்.

நீங்களே செய்து பாருங்கள்

இவற்றை நம்புவதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. இருட்டறையில் வெள்ளொளி தரும் டார்ச் விளக்கு ஒன்று போதும். சிவப்புப் பிளாஸ்டிக் வாளி, செம்புச் சொம்பு, எவர்சில்வர் தம்ளர் மூன்றின் மீதும் ஒளி பாய்ச்சி, பொட்டின் நிறத்தை மட்டும் கவனியுங்கள். பழைய பித்தளைத் தட்டு ஒன்றின் பாதியைச் சாம்பலிட்டு ஒரே திசையில் தேய்த்துவிட்டு, இரு பாதிகளிலும் பொட்டின் அகலத்தை ஒப்பிடுங்கள். கணிப்பொறி இருப்பவர்கள் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஓர் உருண்டையை வைத்து, மெட்டாலிக், ரஃப்னெஸ் என்ற இரண்டு அளவுகளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். தங்கத்தின் எண்களைக் கொடுத்தால் தங்கமும், அலுமினியத்தின் எண்களைக் கொடுத்தால் அலுமினியமும் திரையில் பிறக்கக் காண்பீர்கள்.

இன்று ஒரு சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 30 படம் என்றால், ஒவ்வொரு நொடியும் 6 கோடியே 22 லட்சம் முறை கணிப்பொறி இந்தக் கணக்கைப் போடுகிறது. தேர்வுக்காகப் படித்துத் தேர்வோடு மறக்கிற ஃபிரெனெல் சமன்பாடுகள் அங்கே ஓயாமல் வேலை செய்கின்றன. பாடத்தை உண்மையாகவே புரிந்துகொண்ட மாணவருக்கு இத்துறையில் இடமிருக்கிறது. அதற்குத் தூரிகைத் திறமை மட்டும் போதாது. பொருளைப் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரியவேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால், ஒளி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.